அமைவுக் கோப்பு யாருடையது?

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் 12ஆம் பதிப்பு 2019 அக்டோபரில் வந்தது. அதற்கு மாறிய நிர்வாகிகள் சிலர் சர்வரை எழுப்பிப் பார்த்தார்கள், எழும்பவில்லை. தரவுக் கோப்புறையில் ‘ரெக்கவரி.கான்ஃப்’ என்ற பழைய அமைவுக் கோப்பு கிடந்ததுதான் காரணம். அதில் எழுத்துப்பிழை இல்லை, தவறான மதிப்பும் இல்லை. அது அங்கே இருந்ததே குற்றம். பிரதி சர்வர்களுக்கும் மீட்புப் பணிக்கும் என்று தனியாக இருந்த அந்தக் கோப்பை ஒழித்துவிட்டு, அதிலிருந்த அமைவுகளையெல்லாம் பொதுவான ‘போஸ்ட்கிரெஸ்க்யூஎல்.கான்ஃப்’ கோப்புக்குள் கொண்டுவந்திருந்தார்கள். பழைய கோப்பைக் கண்டால் சர்வர் கிளம்பக் கூடாது என்பதும் யோசித்து எழுதப்பட்ட நிரல்தான்.

நிரலை மட்டும் பார்த்தால் இது அருமையான சீரமைப்பு. ஒரே மாதிரி வேலையை இரண்டு இடத்தில் செய்துகொண்டிருந்த நிரல் ஓரிடத்துக்கு வந்தது. மற்ற அமைவுகளுக்குக் கிடைத்த வசதிகள் மீட்பு அமைவுகளுக்கும் கிடைத்தன. ஆனால் நள்ளிரவில் பதிப்பு மாற்றிக்கொண்டிருக்கும் நிர்வாகிக்கு அது சீரமைப்பாகத் தெரியாது. நேற்று வரை செல்லுபடியான கோப்பு இன்று செல்லாது; அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். அப்படியிருந்தும், கிளம்ப மறுத்ததுதான் சரி என்பேன். பழைய கோப்பை ஓசைப்படாமல் புறக்கணித்திருந்தால், பிரதியாக இருக்க வேண்டிய சர்வர் தன்னையே முதன்மை என்று நினைத்து எழுந்து தரவை எழுத ஆரம்பித்திருக்கும். இரண்டு முதன்மைகள், இரண்டு வரலாறுகள். கிளம்பாத சர்வரைச் சரிசெய்துவிடலாம், பிரிந்துபோன தரவைச் சேர்ப்பது பெரும்பாடு.

ரீஃபாக்டரிங் என்பது வெளியே தெரியும் நடத்தையைத் தொடாமல் உள்ளமைப்பை மாற்றுவது என்று மார்ட்டின் ஃபவுலர் 1999இல் எழுதினார். கணக்கிடும் நிரலுக்கோ, திரையில் படம் வரையும் நிரலுக்கோ இந்த வரையறை போதும். உள்ளே போவதும் வெளியே வருவதும் அங்கே தெளிவு. அமைவுக் கோப்பைக் கையாளும் நிரலில் அந்த எல்லைக்கோடு மங்கிவிடுகிறது. கோப்பில் வரிகள் எந்த வரிசையில் வரலாம், ஒரே பெயர் இரண்டு முறை வந்தால் எது ஜெயிக்கும், தெரியாத பெயரைக் கண்டால் என்ன செய்வது, பயனர் எழுதிய கமெண்ட் பிழைக்குமா, கோப்பின் அனுமதிகள் மாறுமா: இவையெல்லாம் வெளியே தெரியும் நடத்தைகள். பெரும்பாலான திட்டங்களில் இவை ஆவணத்தில் எழுதப்படுவதில்லை; நிரலில் தற்செயலாக அமைந்திருக்கும். அதை நம்பி ஆயிரக்கணக்கான கணினிகளில் கோப்புகள் கிடக்கும். அந்தக் கோப்பை எழுதியது நிரலாளர் இல்லை, பயனர். ஆகவே இத்தகைய கமிட்டை மதிப்பாய்வு செய்கிறவர், நிரல் அழகாகிவிட்டதா என்று பார்ப்பதற்கு முன்னால், பயனரின் வட்டில் ஏற்கனவே கிடக்கும் கோப்புக்கு இது என்ன செய்யும் என்று பார்க்க வேண்டும். திறமூல உலகில் நடந்த பெரிய மாற்றங்களை இந்தக் கண்ணோடு எடைபோடுவதே இக்கட்டுரையின் வேலை.

முதலில், இந்த நிரல் ஏன் கெட்டுப்போகிறது? ரெடிஸ் நல்ல உதாரணம். சால்வடோர் சான்ஃபிலிப்போ 2009இல் தொடங்கிய இந்தத் தரவுக்கிடங்கின் ‘கான்ஃபிக்.சி’ கோப்பில், அமைவுகளைப் படிக்கும் ஃபங்ஷன் ஒரு நீண்ட ‘இஃப்–எல்ஸ்’ சங்கிலியாக இருந்தது. வரியின் முதல் சொல் ‘டைம்அவுட்’ஆ, இல்லையென்றால் ‘போர்ட்’ஆ, அதுவும் இல்லையென்றால் அடுத்ததா என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே போகும். பத்து அமைவுகள் இருக்கும்போது இதைவிட எளிய வழி கிடையாது. குறை சொல்வதற்கும் ஒன்றுமில்லை. திட்டம் வளர்ந்தபோது, ஓடிக்கொண்டிருக்கும் சர்வரிலேயே அமைவை மாற்றும் கட்டளை வந்தது. அதற்கு ஒரு தனிப் பட்டியல். மதிப்பைக் கேட்டறியும் கட்டளைக்கு இன்னொன்று. மாற்றியதைக் கோப்பிலேயே திரும்ப எழுதும் ‘கான்ஃபிக் ரீரைட்’ 2.8ஆம் பதிப்பில் வந்தபோது மற்றொன்று. இயல்பு மதிப்புகளை நிரப்பும் பகுதி வேறொரு கோப்பில். ஆக, ஒரு புதிய அமைவைச் சேர்க்க விரும்பும் பங்களிப்பாளர் ஐந்து இடங்களில் கைவைக்க வேண்டும். நான்கில் சேர்த்து ஒன்றில் மறந்தாலும் நிரல் கம்பைல் ஆகும், ஓடும், சோதனையிலும் பெரும்பாலும் தேறிவிடும். மாதங்கள் கழித்து யாரோ ஒருவர் கோப்பைத் திரும்ப எழுதச் சொல்லும்போதுதான் அவருடைய அமைவு காணாமல் போயிருப்பது தெரியவரும்.

2020இல் வெளிவந்த 6.0 பதிப்பில் இது ஒரு அட்டவணையாக மாறியது. ஒவ்வொரு அமைவுக்கும் ஒரு வரி: பெயர், மாற்றுப்பெயர், இயல்பு மதிப்பு, குறைந்தபட்ச–அதிகபட்ச எல்லை, ஓடும்போது மாற்றலாமா கூடாதா என்ற கொடி, மதிப்பைச் சரிபார்க்கும் ஃபங்ஷன், மாறியபின் செய்ய வேண்டியதைச் செய்யும் ஃபங்ஷன். படிப்பது, கேட்பது, மாற்றுவது, திரும்ப எழுதுவது நான்கும் அதே அட்டவணையைப் பார்த்து நடக்கும். மாற்றுப்பெயர் என்ற அந்தச் சின்னக் கட்டத்தைக் கவனியுங்கள். 5ஆம் பதிப்பில் ‘ஸ்லேவ்’ என்று தொடங்கும் அமைவுகள் ‘ரெப்ளிகா’ என்று பெயர் மாறியிருந்தன. பழைய பெயரில் எழுதிய கோப்புகளும் தொடர்ந்து செல்ல வேண்டும். அந்தப் பொறுப்பு இப்போது நிரலில் ஆங்காங்கே சிதறாமல் அட்டவணையின் ஒரு பத்தியாக நிற்கிறது. பயனரின் பழைய கோப்பைத் தரவு வடிவத்திலேயே நினைவில் வைத்திருக்கும் அமைப்பு இது.

எனக்கு அதைவிடப் பிடித்தது, அந்தச் சீரமைப்பு எதைத் தொடவில்லை என்பது. ‘சேவ்’ என்ற அமைவு கோப்பில் பல வரிகளாக வரலாம், ஒவ்வொன்றும் முந்தையதோடு சேரும். ‘ஒரு பெயர், ஒரு மதிப்பு’ என்ற அட்டவணைக்குள் அது அடங்காது. இதுபோன்ற சிலவற்றைப் பழைய முறையிலேயே விட்டுவைத்து, 2022இல் வந்த 7.0 பதிப்பில்தான் அவற்றுக்கென்று தனி வகை உண்டாக்கி அட்டவணைக்குள் கொண்டுவந்தார்கள். அடங்காததை அடக்க முயன்று அட்டவணையையே கோணலாக்கிக்கொள்ளும் சீரமைப்புகளை எத்தனையோ திட்டங்களில் பார்க்கலாம். ‘தொண்ணூறு சதவீதம் அட்டவணை, மீதி பத்து பழையபடி’ என்ற கமிட் அரைகுறையாகத் தோன்றும். மதிப்பாய்வில் அதை அனுமதிக்கலாம், அனுமதிக்கவும் வேண்டும்.

அட்டவணை வந்தபின் எதிர்பாராத பலன்களும் கிட்டும். ஓடும் ரெடிஸில் கோப்புறையையும் தரவுக்கோப்பின் பெயரையும் மாற்றிவிட்டு, எஸ்.எஸ்.எச். சாவிக் கோப்பின் மேலேயே எழுதவைக்கும் தாக்குதல் முறையை சான்ஃபிலிப்போவே 2015இல் விளக்கி எழுதியிருந்தார். 7.0இல் அத்தகைய அமைவுகளை ‘பாதுகாக்கப்பட்டவை’ என்று குறித்து, ஓடும்போது மாற்ற முடியாதபடி இயல்பாகவே பூட்டினார்கள். பழைய சங்கிலியில் இதைச் செய்ய ஒவ்வொரு கிளையாகத் தேடிப் போயிருக்க வேண்டும். அட்டவணையில் அது ஒரு கொடி.

போஸ்ட்கிரெஸ் இந்த அட்டவணை வழிக்கு வெகு முன்பே வந்துவிட்டது. 2001இல் வெளியான 7.1 முதல் அதற்கு ஒரு பெரும் பொது அமைவு முறை உண்டு. அந்த அட்டவணையே காலப்போக்கில் வீங்கி, ‘ஜி.யூ.சி.சி.’ என்ற ஒற்றைக் கோப்பு பத்தாயிரம் வரிகளைத் தாண்டி, 2022இல் அதைப் பிரித்துத் தனித்தனிக் கோப்புகளாக்க நேர்ந்தது. சீரமைப்புக்கு முடிவில்லை என்று கவலைப்படுகிறவர்கள் இதைப் பார்த்து ஆறுதல் கொள்ளலாம்.

அந்த ‘ஜி.யூ.சி.சி.’ கோப்பில் அமைவுப் பெயர்களை ஒப்பிடும் சிறு ஃபங்ஷன் ஒன்று உண்டு. பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாடு பாராமல் ஒப்பிடுவதற்கு சி மொழியின் நூலகத்தில் தயாராகவே ஒரு ஃபங்ஷன் இருக்கும்போது, இவர்கள் கையால் எழுதியிருக்கிறார்கள். புதிதாக வரும் ஆர்வமுள்ள பங்களிப்பாளர் இதைப் பார்த்ததும் ‘நூலகத்தில் இருப்பதைப் பயன்படுத்தினால் பத்து வரி குறையுமே’ என்று ஒரு கமிட் அனுப்பத் துடிப்பார். அந்த ஆசைக்கு இடம்கொடுக்கக் கூடாது என்று மேலேயே கமெண்ட் எழுதி வைத்திருக்கிறார்கள். நூலக ஃபங்ஷன் கணினியின் வட்டார மொழி அமைப்பைப் பொறுத்து நடந்துகொள்ளும். மொழி மாறினால் பெயர்களின் வரிசை மாறும். வரிசை மாறினால் தேடல் தவறும். துருக்கி மொழியில் புள்ளி வைத்த ‘ஐ’, புள்ளியில்லாத ‘ஐ’ இரண்டும் வேறு எழுத்துகள் என்பதால் எத்தனையோ மென்பொருள்களின் அமைவுப் பெயர்கள் அங்கே மட்டும் உடைந்திருக்கின்றன. தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி போடும் ஜெர்மனியில் ‘0.5’ என்ற மதிப்பு பூச்சியமாகப் படிக்கப்படும் வழுவும் இதே குடும்பம். தமிழ்ப் பயனருக்கு வருவது வேறு உருவில் வரும்: பைத்தானின் கான்ஃபிக்பார்சருக்கு என்கோடிங் சொல்லாமல் கோப்பைக் கொடுத்தால் அது இயங்குதளத்தின் என்கோடிங்கையே எடுத்துக்கொள்ளும், விண்டோஸில் அது யு.டி.எஃப்.-8 ஆக இல்லாதபோது, தமிழில் பெயர் வைத்த கோப்புறையின் பாதை சிதைந்த எழுத்துகளாகத்தான் வந்து சேரும்.

படிப்பதில் இன்னொரு கண்ணி, எது ஜெயிக்கும் என்ற கேள்வி. கிட்டில் கடைசியாக வரும் மதிப்பு ஜெயிக்கும். ஓப்பன் எஸ்.எஸ்.எச்.-இல் முதலில் வருவது ஜெயிக்கும். போஸ்ட்கிரெஸில் ஒரே மென்பொருளுக்குள்ளேயே இரண்டும் உண்டு: பொது அமைவுக் கோப்பில் கடைசி வரிக்கு மரியாதை, யார் உள்ளே வரலாம் என்று சொல்லும் ‘ஹெச்.பி.ஏ.’ கோப்பில் முதலில் பொருந்தும் வரிக்கு. எல்லாவற்றையும் ஒரே அகராதியில் போட்டு, பெயர் வந்தால் மதிப்பை மேலெழுது என்று எளிமையாக்கும் சீரமைப்பு, முதலாவது ஜெயிக்கும் மென்பொருளில் பாதுகாப்பு ஓட்டையாகவே முடியும். ஓப்பன் எஸ்.எஸ்.எச். 2020இல் 8.2 பதிப்பில் சர்வர் அமைவுக்கும் ‘இன்க்ளூட்’ வசதியைக் கொடுத்தது. டெபியனும் உபுண்டுவும் அந்த இன்க்ளூட் வரியைப் பிரதானக் கோப்பின் தலைமாட்டில் வைத்தன. முதலில் வருவது ஜெயிக்கும் என்பதால், துணைக் கோப்புறையில் கடவுச்சொல்லை அனுமதிக்கும் ஒரு கோப்பு இருந்தால், பிரதானக் கோப்பில் ‘கடவுச்சொல் வேண்டாம்’ என்று நிர்வாகி என்னதான் எழுதினாலும் பலனில்லை. கிளவுட் படிமங்களில் அப்படியொரு துணைக் கோப்பு இருந்து, பூட்டிவிட்டோம் என்று பலர் நம்பிக்கொண்டிருந்ததும் உண்டு. தனித்தனியே பார்த்தால் இன்க்ளூட் வசதி சரி, முதலாவது ஜெயிக்கும் விதி சரி, டெபியனின் இட ஒதுக்கீடும் சரி. மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் இடம் மதிப்பாய்வு மட்டும்தான்.

யாமல் வடிவத்தைப் பற்றிப் புலம்பாத நிரலாளர் அரிது. 1.1 விதிப்படி மேற்கோள் இல்லாத ‘என்.ஓ.’ என்பது பொய் என்ற தர்க்க மதிப்பு. அதனால் நாடுகளின் குறியீட்டுப் பட்டியலில் நார்வே காணாமல் போகும். 22:22 என்று போர்ட் எண்களை எழுதினால் அறுபதடிமான எண்ணாகக் கணக்கிட்டு 1342 என்று தரும். 2009இல் வந்த 1.2 விதி இவற்றைக் களைந்தது. ஆனால் பையாமல் நூலகம் 1.1 வழியிலேயே நிற்கிறது. இதைச் சோம்பல் என்று சிலர் திட்டுவார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. மாற்றிய நாளில் ‘ஆன்’, ‘யெஸ்’ என்று எழுதிய எத்தனை கோப்புகள் பிழைச்செய்தி எதுவும் இல்லாமல் வேறு பொருள் தரும் என்று எண்ணிப் பாருங்கள். அதே பையாமல், பாதுகாப்பு என்று வந்தபோது கறாராகவே நடந்தது. கோப்பைப் படிக்கச் சொன்னால் அதற்குள் இருக்கும் நிரலையே இயக்கிவிடக்கூடிய ‘லோட்’ ஃபங்ஷனுக்கு 2019இல் எச்சரிக்கை வைத்தது, 2021இல் 6.0இல் எந்த லோடர் என்று சொல்லாமல் அழைக்கவே முடியாதபடி செய்தது. அந்த இரண்டு ஆண்டு இடைவெளிதான் ஒரு திட்டம் தன் பயனர்களுக்குக் காட்டும் மரியாதை.

படிப்பதில் தவறினால் மென்பொருள் தவறாக நடக்கும். எழுதுவதில் தவறினால் பயனரின் கோப்பே போய்விடும். அதனால் ஒரு சீரமைப்பு கோப்பில் திரும்ப எழுதும் நிரலைத் தொட்டிருந்தால், மதிப்பாய்வு நேரத்தில் பாதியை அதற்கே ஒதுக்குவது நியாயம்.

2009 தொடக்கத்தில் உபுண்டு 9.04இன் சோதனைப் பதிப்பில் புதிய எக்ஸ்ட்4 கோப்பு முறைமையைப் போட்டுப் பார்த்தவர்கள், கணினி திடீரென்று நின்று மீண்டும் எழுந்தபின் தங்கள் டெஸ்க்டாப் அமைவுக் கோப்புகள் பூச்சியம் பைட்டாகக் கிடப்பதைக் கண்டார்கள். கோப்பைத் திறந்து, வெட்டிக் காலியாக்கி, புதிய உள்ளடக்கத்தை எழுதுவதே அந்த நிரல்களின் வழக்கம். பழைய எக்ஸ்ட்3இல் ஐந்து விநாடிக்கு ஒருமுறை எல்லாம் வட்டுக்குப் போய்விடும் என்பதால் குட்டு வெளிப்படவில்லை. எக்ஸ்ட்4 தரவை இன்னும் தாமதித்து எழுதியது. காலியாக்கியது வட்டில் பதிவாகி, எழுதியது பதிவாகாமல் மின்சாரம் போனால் மிஞ்சுவது வெறுங்கோப்பு. கோப்பு முறைமையைப் பராமரித்த தியோடர் சோ, தவறு பயன்பாட்டு நிரல்களுடையது என்றார். தற்காலிகக் கோப்பில் எழுதி, ‘எஃப்சிங்க்’ செய்து வட்டில் சேர்ந்ததை உறுதிசெய்து, பிறகு பெயர்மாற்றி பழையதன் இடத்தில் வைப்பதே முறை என்று விளக்கினார். விதிப்படி அவர் சொன்னது சரி. ஆனாலும் பயனரின் கோப்பு போய்க்கொண்டிருக்கும்போது விதியைக் காட்டிக்கொண்டிருக்க முடியாது. பழைய வழக்கத்தில் எழுதும் நிரல்களையும் காப்பாற்றும் ஏற்பாடுகள் கெர்னலின் 2.6.30 பதிப்பில் சேர்ந்தன.

அன்றுமுதல் ‘தற்காலிகக் கோப்பு, பின் பெயர்மாற்றம்’ என்பது மந்திரமாகிவிட்டது. சீரமைப்பவர்கள் எழுதும் பகுதியைக் கண்டவுடன் இந்த மந்திரத்தைச் சொல்லிவிடுகிறார்கள். அதற்கும் பக்கவிளைவு உண்டு. பயனர் தன் அமைவுக் கோப்புகளை ஒரு கிட் களஞ்சியத்தில் வைத்துக்கொண்டு, ஹோம் கோப்புறையில் சிம்லிங்க் மட்டும் போட்டிருந்தால், பெயர்மாற்றம் அந்தச் சிம்லிங்க்கை அழித்து வெறும் கோப்பை வைத்துவிடும். டாக்கர் கண்டெய்னருக்குள் அந்த ஒற்றைக் கோப்பை மட்டும் மவுண்ட் செய்திருந்தால், பெயர்மாற்றவே முடியாமல் பிழை வரும். புதிய கோப்பு இயல்பான அனுமதிகளோடு பிறக்கும். கடவுச்சொல் இருப்பதால் பயனர் தனக்கு மட்டும் என்று பூட்டிவைத்திருந்த கோப்பு, ஒரு மாற்றத்துக்குப் பிறகு எல்லோரும் படிக்கக்கூடியதாகிவிடும். கிட்டிலேயே இந்த அனுமதிக் குறை 2014இல்தான் திருத்தப்பட்டது. ரெடிஸின் பழைய வழி வேறு மாதிரி: கோப்பு முழுவதையும் நினைவகத்தில் தயாரித்து, பழைய கோப்பைவிடச் சிறிதாக இருந்தால் கமெண்ட் வரிகளால் நிரப்பி, ஒரே எழுத்து அழைப்பில் மேலெழுதி, பின்னால் மிச்சத்தை வெட்டுவது. பார்க்க விநோதமாக இருக்கும். ஆனால் சிம்லிங்க்கும் அனுமதியும் மவுண்டும் அதில் சேதமில்லை. விநோதமான நிரலை அழிப்பதற்கு முன் அது ஏன் விநோதமாக இருக்கிறது என்று கேட்பது மதிப்பாய்வாளரின் கடமை.

கமெண்ட் இன்னொரு உயிர்நிலை. பைத்தானின் கான்ஃபிக்பார்சர் ஒரு கோப்பைப் படித்துத் திரும்ப எழுதினால், பயனரின் கமெண்ட்கள் எல்லாம் போய்விடும். பெயர்களும் சின்ன எழுத்தாகிவிடும். இதை ஆவணமே ஒப்புக்கொள்கிறது. ‘இந்த மதிப்பை மாற்றாதே, போன வருடம் மாற்றி முழு இரவும் போயிற்று’ என்று யாரோ எழுதிவைத்த குறிப்பு, மதிப்பைவிட விலை கூடியது. போஸ்ட்கிரெஸ் 2014இல் கட்டளை வழியாக அமைவை மாற்றும் வசதியைக் கொண்டுவந்தபோது, பயனரின் கோப்பைத் தொடாமல் தனக்கென்று ‘ஆட்டோ.கான்ஃப்’ என்ற வேறொரு கோப்பை வைத்துக்கொண்டு, இதைக் கையால் திருத்தாதே என்று அதன் தலையில் எழுதியது. மனிதர் எழுதும் கோப்பு ஒன்று, இயந்திரம் எழுதும் கோப்பு ஒன்று. இதுவரை வந்த தீர்வுகளில் எனக்கு மிகச் சுத்தமாகப் படுவது இதுதான்.

கிட்டின் கதை கொஞ்சம் பயங்கரமானது. 2023 ஏப்ரலில் வந்த 2.40.1 ஒரு ஓட்டையை அடைத்தது. அமைவுக் கோப்பில் ஒரு பிரிவைப் பெயர்மாற்றும் அல்லது நீக்கும் ஃபங்ஷன், கோப்பை வரிவரியாக 1024 பைட் இடத்தில் படித்தது. வரி அதைவிட நீளமாக இருந்தால் மீதி அடுத்த வரியாகக் கருதப்படும். துணைக் களஞ்சியத்தின் முகவரியை வேண்டுமென்றே நீளமாக வைத்து, சரியான இடத்தில் ஒரு பிரிவுத் தலைப்பைப் புதைத்தால், அந்தத் துணைக் களஞ்சியத்தை நீக்கும்போது தாக்குபவரின் அமைவுகள் பயனரின் கோப்புக்குள் புகுந்துவிடும். எந்த எடிட்டரை, எந்தப் பேஜரை இயக்குவது என்பதும் கிட்டில் அமைவுதான். ஆகவே அமைவு புகுந்தால் கட்டளையும் புகுந்த மாதிரி. கிட்டின் முதன்மைப் பார்சரில் இந்தக் குறை இல்லை. பெயர்மாற்றும் ஃபங்ஷன் மட்டும் தனக்கென்று ஒரு குட்டிப் பார்சரை வைத்திருந்தது. ஒரே கோப்பை இரண்டு விதமாகப் படிக்கும் நிரல் எங்கிருந்தாலும் அது சீரமைப்புக்கு உரிய இடம். இவ்வகைச் சீரமைப்பை ‘வெறும் அழகுக்கு’ என்று ஒத்திப்போடுவது தவறு.

2025 ஜூலையில் இன்னொன்று. படிக்கும்போது வரியின் கடைசியில் உள்ள ‘கேரேஜ் ரிட்டர்ன்’ எழுத்தை கிட் நீக்கிவிடும். எழுதும்போது, மதிப்பின் கடைசியில் அந்த எழுத்து இருந்தால் மேற்கோளுக்குள் வைக்க வேண்டும், வைக்கவில்லை. எழுதியது ஒன்று, படித்தது ஒன்று. அந்த ஒற்றை எழுத்தால் துணைக் களஞ்சியம் வேறு இடத்தில் இறங்கி, சரியாக வைத்த ஒரு சிம்லிங்க்கின் உதவியோடு தாக்குபவரின் நிரல் ஹூக்காக இயங்கிவிடும். எழுதியதைத் திரும்பப் படித்தால் அதே மதிப்பு வர வேண்டும் என்ற ஒரே ஒரு சோதனை, விதவிதமான எழுத்துகளைக் கொடுத்து, இருந்திருந்தால் இது முன்பே அகப்பட்டிருக்கும்.

கோப்பின் இடத்தை மாற்றும் சீரமைப்புகள் வேறு வகை. யூனிக்ஸில் புள்ளியில் தொடங்கும் கோப்புகள் மறைவதே ஒரு விபத்து என்று ராப் பைக் 2012இல் எழுதினார்: ‘எல்.எஸ்.’ கட்டளை ‘புள்ளி’, ‘இரட்டைப் புள்ளி’ இரண்டையும் காட்டாமல் இருக்க, முதல் எழுத்து புள்ளியா என்று மட்டும் பார்த்த சோம்பல் நிரலின் பலன். அந்த விபத்தின்மேல் ஒரு வழக்கமே கட்டப்பட்டு, ஹோம் கோப்புறை மறைந்த கோப்புகளால் நிரம்பியது. 2003இல் எக்ஸ்.டி.ஜி. விதி வந்து அமைவு, தரவு, தற்காலிகச் சேமிப்பு மூன்றுக்கும் தனித்தனி இடம் சொன்னது. விதி வந்து இருபது ஆண்டு கழித்தும் பல பழம்பெரும் மென்பொருள்கள் அசையவில்லை. அசைந்தவற்றில் கிட் நடந்த விதம் பார்க்கத் தக்கது. 2012 முதல் புதிய இடத்தையும் படிக்கிறது. ஆனால் எழுதும்போது, ஹோமில் பழைய கோப்பு இருந்தால் அதில்தான் எழுதும். பழையது இல்லாமல் புதிய இடத்தில் ஏற்கனவே கோப்பு இருந்தால் மட்டும் புதியதில். யாருடைய கோப்பையும் நகர்த்தவில்லை, நகலெடுக்கவும் இல்லை. எங்கே வைப்பது என்பதைப் பயனரே தன் கோப்பை வைத்துத் தெரிவிக்கிறார்.

வடிவத்தையே மாற்றுவதற்கு ஈஎஸ்லின்ட் ஒரு பாடநூல். ஜாவாஸ்கிரிப்ட் நிரலைச் சரிபார்க்கும் இந்தக் கருவியின் பழைய அமைவு முறை, கோப்புறைக்குக் கோப்புறை மேலேறி ஒவ்வொன்றிலும் உள்ள கோப்பைச் சேர்த்துக்கொண்டே போகும். ஒரு விதி எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். 2019இல் முன்மொழிவு, 2022இல் சோதனை வடிவம், 2024 ஏப்ரலில் 9.0இல் இயல்பு முறை. பழையதை இன்னும் கொஞ்ச நாள் வைத்துக்கொள்ள ஒரு சூழல் மாறி, இடமாற்றக் கருவி, பழைய பகிர்வுத் தொகுப்புகளைப் புதிய முறையில் ஏற்ற ஒரு இணைப்பு நூலகம் எல்லாம் கொடுத்தார்கள். அப்படியும் எதிர்ப்பு பலமாகவே இருந்தது. எளிமைக்காக நீக்கிய ‘எக்ஸ்டெண்ட்ஸ்’ வசதியை 2025 மார்ச்சில் திரும்பக் கொண்டுவந்தார்கள். புதிய வடிவம் நல்லதுதான், பழையதைவிட நல்லது. ஆனால் அந்த ஒரு வசதியை முதலிலேயே வைத்திருந்தால் பாதிச் சச்சரவு மிச்சமாகியிருக்கும்.

பைத்தானில் நடந்தது சிறிய விஷயம், சேதம் பெரிது. ‘சேஃப்கான்ஃபிக்பார்சர்’ என்ற வகுப்பு 2011இல் 3.2 பதிப்பில் ‘கான்ஃபிக்பார்சர்’ என்று பெயர் மாறியது, பழைய பெயர் எச்சரிக்கையோடு பன்னிரண்டு ஆண்டுகள் நின்றது, 2023இல் 3.12இல் நீக்கப்பட்டது. பன்னிரண்டு ஆண்டு அவகாசம் போதாதா என்று கேட்கலாம். வெர்ஷனியர் என்ற கருவி தன் நிரலையே ஒவ்வொரு திட்டத்துக்குள்ளும் நகலாக வைத்துவிடும். அந்தப் பழைய நகல்களில் பழைய பெயர் அப்படியே கிடந்தது. எச்சரிக்கையை யாரும் பார்க்கவில்லை, ஏனென்றால் அது மென்பொருளை நிறுவும்போது மட்டும் ஓடும் நிரல். 3.12 வந்ததும் அந்தத் திட்டங்களின் பழைய பதிப்புகள் நிறுவ முடியாமல் நின்றன. ஒரு மாற்றுப்பெயரை வைத்திருக்க ஆகும் செலவு இரண்டு வரி. அதை நீக்கியதில் கிடைத்த லாபம் என்னவென்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

ஆய்வுலகமும் இந்தப் பக்கம் பார்த்திருக்கிறது. 2011இல் எஸ்.ஓ.எஸ்.பி. மாநாட்டில் வந்த ஓர் ஆய்வு, சென்ட்ஓஎஸ், மைஎஸ்க்யூஎல், அப்பாச்சி, ஓப்பன்எல்டாப் ஆகியவற்றிலும் ஒரு வணிகச் சேமிப்பு முறைமையிலும் நடந்த 546 அமைவுத் தவறுகளை அலசி, பெரும்பான்மை அமைவு மதிப்புகளில் நேர்ந்தவை என்றது. அவற்றில் கணிசமானவை வடிவ விதியை மீறிய மதிப்புகள். நிரல் நினைத்திருந்தால் படிக்கும்போதே பிடித்திருக்கலாம். 2015இல் டியன்யின் ஷூ குழுவினரின் ஆய்வு, பெரும்பாலான பயனர்கள் மாற்றுவது 6.1 முதல் 16.7 சதவீத அமைவுகளை மட்டுமே என்றும், சில மென்பொருள்களில் 54.1 சதவீதம் வரை யாரும் அநேகமாகத் தொடுவதே இல்லை என்றும் காட்டியது. இதைப் படித்துவிட்டு, சீரமைக்கும்போதே வேண்டாத அமைவுகளைக் களைந்துவிடலாமே என்று தோன்றும். களையலாம், ஆனால் அதே கமிட்டில் வேண்டாம். நிரலை இடம்மாற்றும் ஆயிரம் வரி மாற்றத்துக்கு நடுவே ஒரு அமைவு காணாமல் போனால் எந்த மதிப்பாய்வாளர் கண்ணிலும் படாது.

மதிப்பாய்வுக்கு உட்காரும்போது என் வழக்கம், நிரலைக் கடைசியில் படிப்பது. முதலில் பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் கட்டி, பல பயனர்களின் நிஜமான அமைவுக் கோப்புகளை இரண்டுக்கும் கொடுத்து, கடைசியில் எந்த மதிப்பு செல்லுபடியாகிறது என்று அச்சிடச் சொல்லி ஒப்பிட வேண்டும். ஓப்பன் எஸ்.எஸ்.எச்.-இல் சர்வருக்கும் கிளையண்டுக்கும் இதற்கென்றே கொடிகள் உண்டு. கிட் ஒவ்வொரு மதிப்பும் எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்றுகூடச் சொல்லும். போஸ்ட்கிரெஸ் கோப்பின் வரி எண்ணோடு ஒரு பார்வை அட்டவணையையே தருகிறது. என்ஜின்எக்ஸ் முழு அமைவையும் ஒரே கட்டளையில் கொட்டும். உங்கள் திட்டத்தில் அப்படி ஒரு வசதி இல்லையென்றால், சீரமைப்புக்கு முந்தைய கமிட் அதைச் சேர்ப்பதாக இருக்கட்டும். பிறகு உடைந்த கோப்புகள்: மூடாத மேற்கோள், வெறுங்கோப்பு, விண்டோஸ் வரிமுடிவு, தெரியாத பெயர், எல்லை தாண்டிய எண். பிழைச்செய்தியில் கோப்பின் பெயரும் வரி எண்ணும் முன்பு வந்திருந்து இப்போது வராவிட்டால் அதுவும் இழப்புதான். புதிய பார்சர் நூலகத்துக்கு மாறும்போது முதலில் போவது அதுவே. கடைசியாக, கோப்பை எழுதவைத்து, சிம்லிங்க், அனுமதி, கமெண்ட் மூன்றும் தப்பினவா என்று பார்க்க வேண்டும்.

இதற்கெல்லாம் தேவைப்படும் பழைய கோப்புகள் பெரும்பாலான திட்டங்களின் சோதனைக் கோப்புறையில் இருப்பதில்லை. அங்கே இருப்பவை நிரலாளரே எழுதிய சுத்தமான மாதிரிகள். நீங்கள் ஏதாவது ஒரு திறமூல மென்பொருளை ஆண்டுக்கணக்கில் பயன்படுத்துகிறவர் என்றால், உங்கள் அமைவுக் கோப்பிலிருந்து கடவுச்சொற்களையும் முகவரிகளையும் நீக்கிவிட்டு, மீதியை அப்படியே அந்தத் திட்டத்தின் சோதனைகளுக்கு அனுப்பிவையுங்கள். நிரல் எழுதத் தெரியாதவரும் செய்யக்கூடிய பங்களிப்பு இது.